துறைமுகச் சோதனையும் எலும்புருக்கி நோயும்

மலாய் நாட்டுத் தமிழர் வரலாற்றைப் பேசப் புகுவோர் கப்பலைப் பற்றிப் பேசுவர்; கங்காணியைப் பற்றிப் பேசுவர்; காட்டை அழித்து ரப்பர் நட்ட கதையைச் சொல்லிப் பெருமையும் கொள்வர், கண்ணீரும் வடிப்பர். ஆனால் கப்பலேறுமுன் ஒரு முறையும் இறங்கிய பின் ஒரு முறையும் நம் பாட்டன்மாரின் நாக்கையும் கண்ணையும் தோளையும் வைத்தியர் பார்த்தாரே, அவர் தேடியது எது, காணாமல் விட்டது எது என்று கேட்பவர் மிகச் சிலரே. இக்கேள்வி பழங்கதை ஆராய்வோர்க்கு மட்டும் உரியதன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்றும் புதிதாக வந்திறங்குவோர் உளர். அவர்களுடைய மார்பும் சோதிக்கப்படுகிறது. ஆகவே பழைய சோதனையின் கதை நமக்குத் தெரிந்திருத்தல் நலம்.

நம் தாய்மார் எலும்புருக்கி என்றும், பழைய வைத்திய ஏடுகள் க்ஷயம் என்றும், இக்கால வைத்தியர் காசநோய் என்றும் வழங்கும் பிணியே இக்கட்டுரையின் பொருள். இதனை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ம் நாள் பெர்லின் நகரில் உலகுக்கு அறிவித்தார். அதுவரை மேனாட்டாரிலும் பலர் இதைப் பரம்பரை நோய் என்றே நம்பியிருந்தனர். நம்மவரோ முன்வினை என்றனர், ஏவல் என்றனர், வீட்டுக்கு வந்த மருமகளின் கால்ராசி என்றும் கூசாமல் சொல்லினர். கோக் சொல்லி நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பூசாரியிடம் போய்வந்த பிறகே டிரெசரிடம் போவோர் நம்மிடையே முற்றும் ஒழிந்துவிட்டனர் என்று என்னால் இன்றும் சத்தியம் செய்ய இயலாது.

இனிக் கதைக்கு வருவோம். ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் சேர்ப்பது 1910-ம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன்பே, 1907-ம் ஆண்டில், தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தொழிலாளர்களை இலவசமாகக் கப்பலேற்றுவதற்கென ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டுவிட்டது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவினரையும் அண்டை அயலாரையும் சேர்த்துக்கொண்டு ரயிலேறுவான். அவர்கள் வந்து தங்குமிடம் நாகப்பட்டினத்து டிப்போ, அல்லது சென்னைக்கு அடுத்த ஆவடி டிப்போ. அங்கே குளிப்பாட்டு, துணி வெளுப்பு, அம்மை குத்துதல், வைத்தியர் பார்வை எல்லாம் நடைபெறும். பின்னர் கப்பல். 1926-ம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலாவின் பெயரை அறியாத பழந்தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் இல்லை எனலாம். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியதும் மறுபடியும் முகாம் வாசம். பினாங்குக்கு எதிரேயுள்ள ஜெரஜா தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. அங்கும் சோதனை முடிந்த பின்னரே தோட்டத்துக்கு ரயில். சிரம்பானில் இறங்கி, 1891-ம் ஆண்டிலேயே போடப்பட்ட போர்ட்டிக்சன் கிளைப்பாதையில் சென்று, ரந்தாவ், சிலியாவ் பகுதித் தோட்டங்களில் பேர் பதிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இவ்வளவு சோதனையும் யாருக்காக? பெரியம்மை, வாந்திபேதி, பிளேக் இம்மூன்றும் கப்பலில் பரவினால் கப்பல் முழுவதும் நிற்கும். துறைமுகத்தில் பரவினால் வாணிபம் நிற்கும். அடுத்தபடியாக, செலவு செய்து வரவழைக்கும் ஆள் காலையில் மரம் வெட்டத் தக்கவன்தானா என்று முதலாளி அறிய விரும்பினார். கையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், கண்ணிமையைத் தூக்கி இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வைத்தியர்களை நான் குறை கூற வரவில்லை. பல நூறு பேர் வரிசையாக நிற்கையில் ஒரு மனிதரால் இயன்றது அவ்வளவே. அம்மையும் பேதியும் சில நாட்களிலோ இரண்டொரு வாரங்களிலோ தம்மை வெளிக்காட்டிவிடும் நோய்கள். ஆதலால் முகாம் வாசம் அவற்றுக்குப் பெரும்பாலும் போதுமானதாயிருந்தது.

எலும்புருக்கியின் இயல்பு வேறு. இக்கிருமி உடலிற் புகுந்தவர் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்க்கோதான் அது ஆயுளில் என்றேனும் நோயாக முற்றுகிறது. அவ்வாறு முற்றுவதும் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளில். சிலருக்குப் பத்தாண்டு, இருபதாண்டு கழித்து. மற்றையோரிடம் கிருமி உறங்கிக் கிடக்கும். பசி, ஓயாத உழைப்பு, வேறு நோயால் வந்த மெலிவு, இவற்றுள் ஏதேனும் ஒன்று அதனைத் தட்டி எழுப்பும். டிப்போவில் மார்பு அகன்று நிமிர்ந்து நின்ற இளைஞன் மூன்றாம் ஆண்டு லயத்துத் திண்ணையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். துறைமுகத்து ஏட்டிலோ அவன் திடகாத்திரன். ஏடும் பொய் சொல்லவில்லை, இருமலும் பொய் சொல்லவில்லை.

மார்பின் உள்ளே பார்க்கும் கருவி இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895-ம் ஆண்டு. ஆயினும் ஆளுக்கொரு பெரிய தகட்டில் படம் பிடிப்பது பெருஞ்செலவு. ஆயிரக்கணக்கானோரை அவ்வாறு சோதித்தல் கனவிலும் நடவாது. சிறு பிலிம் சுருளில் மலிவாகவும் விரைவாகவும் மார்புப் படம் எடுக்கும் முறையைப் பிரேசில் நாட்டு வைத்தியர் மனுவேல் டி ஆப்ரியு 1936-ம் ஆண்டில் ரியோ நகரில் அமைத்தார். இங்கே, ரப்பர் விலை வீழ்ச்சியால் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி, 1938-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் போக்குவரத்தை இந்திய சர்க்கார் தடை செய்தது. கருவி பிறந்த இரண்டாம் ஆண்டிலேயே கதவு மூடிக்கொண்டது.

சோதனையில் தப்பிய கிருமி எங்கே வளர்ந்தது? லயத்தில். ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். நீளமும் அகலமும் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேற்படாத அறையில் ஒரு குடும்பம், அல்லது மணமாகாத ஆடவர் மூவர் நால்வர். அடுப்புப் புகையும் அங்கேயே. இரவுப் பனி ஆகாதென்று சன்னலை அடைப்பது நம் வழக்கம். எலும்புருக்கி உணவாலும் நீராலும் பரவுவது அரிது. நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் மூடிய அறையின் காற்றில் பல மணி நேரம் மிதந்து நிற்கும். அக்காற்றை இரவு முழுதும் உடன் உறங்குவோர் உட்கொள்வர். ஒருவர் பால்மரக்காட்டில் நாள் முழுதும் இருமினாலும் பக்கத்து நிரையில் வெட்டுபவருக்கு அவ்வளவு ஆபத்தில்லை. அறையில் இரவு இருமினாலோ அடுத்த பாயில் படுத்த பிள்ளைக்கு ஆபத்து. பயிலிடத்திலும் கள்ளுக்கடையிலும் நோயைத் தேடியவர்கள் படுக்குமிடத்தைப் பார்க்க மறந்தார்கள்.

ஈண்டு மலேரியாவின் கதை நமக்கு உதவும். 1911-ம் ஆண்டில் கூட்டு மலாய் நாடுகளின் தோட்டத் தொழிலாளருள் ஆயிரத்துக்கு அறுபதின் மேற்பட்டோர் மாண்டனர். அச்சாவுகளுக்கு மலேரியாவே முதற்காரணம். டாக்டர் மால்கம் வாட்சன் 1901-ம் ஆண்டு தொடங்கிக் கிள்ளானில் சதுப்பை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். ஆனால் நெகிரி செம்பிலான் போன்ற மேட்டு நிலங்களில் கணக்கு மாறிற்று. காட்டை வெட்டிச் சூரிய ஒளி பட்ட தெளிந்த மலையோடைகளிலேதான் இப்பகுதியின் கொடிய கொசு பெருகியது. ஆகவே ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வைத்து ஓட்டினர், எண்ணெய் தெளித்தனர். 1930-ம் ஆண்டுகளுக்குள் தோட்டத்துச் சாவு பெரிதும் குறைந்தது. கப்பலிலிருந்து இறங்குபவனை இன்னும் கடுமையாகச் சோதித்ததால் அது குறையவில்லை. அவன் வந்து வாழ்ந்த இடத்தைத் திருத்தியதால் குறைந்தது. எலும்புருக்கி விஷயத்தில் அதே முதலாளிகளுக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை என்பதற்கு விடை கடினமன்று. மலேரியா பெரட்டில் நிற்கும் ஆட்களை ஒரே வாரத்தில் பாதியாக்கும். நஷ்டம் அன்றன்றே கணக்கில் ஏறும். எலும்புருக்கிக்காரனோ மெல்ல மெல்ல மெலிவான். மெலிந்தவனுக்கு ஊர் திரும்ப டிக்கட்டு உண்டு.

அந்த டிக்கட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வேலைக்குதவாதவர் என்று கண்டவர்களைக் குடியேற்ற நிதியின் செலவிலேயே தாயகம் அனுப்பும் ஏற்பாடு இருந்தது. 1930-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகெங்கும் ஏற்பட்ட வாணிப மந்தத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் நோயற்றவர், வேலையற்றவர். நோயுற்றோரும் அதே கப்பல்களில்தான் போயினர். அவர்கள் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக் கிராமங்களுக்கு நோயையும் கொண்டு சென்றிருப்பார்கள் என்பது ஊகித்தறியத் தக்கது. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கங்களின் கதை இவ்வூகத்துக்குத் துணை நிற்கிறது. அங்கே நெஞ்சு கெட்ட கறுப்புத் தொழிலாளர்களைச் சுரங்கத்தார் ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தனர். சுரங்கத்தின் கணக்கில் நோய் குறைந்தது. டிரான்ஸ்கை முதலிய கிராமங்களில் அது பெருகியது.

யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இல்லை, மருந்து இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவு. எலும்புருக்கிக்கு இதைவிட நல்ல காலம் வேறில்லை. 1940-ம் ஆண்டுகளிலும் 1950-ம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் மலாயாவில் மனிதரைக் கொன்ற நோய்களில் முதலிடம் இதற்கே. மாற்றாக அன்று தெரிந்தது ஒன்றே: நல்ல காற்றுள்ள தனியிடத்தில் மாதக்கணக்காகப் படுத்திருத்தல். ஜெரஜா தீவில் எலும்புருக்கி நோயாளிகளுக்கு இடம் ஏற்பட்டது. டெம்ப்ளர் சீமாட்டியின் முயற்சியால் 1950-ம் ஆண்டுகளில் கோலாலம்பூரில் அவர் பெயராலேயே ஒரு வைத்தியசாலை எழுந்தது. நல்ல காரியந்தான். ஆனால் நம் தோட்டத்துக் குடும்பத் தலைவன் ஒருவன் ஓராண்டு போய்ப் படுத்தால் குடும்பத்துக்கு அரிசி யார் கொடுப்பது? அறையை யார் விட்டுவைப்பது? ஆகவே இருமலை மறைத்தார்கள். வெற்றிலையைக் குதப்பி இரத்தத்தை மறைத்தவர்கள் உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இம்முடிச்சை அவிழ்த்தது சென்னை நகரம் என்பதை நம்மவரில் பெரும்பாலோர் அறியார். அதற்குப் பின்னணி தாம்பரம். அவ்வூரில் 1928-ம் ஆண்டு எலும்புருக்கிக்கென ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இவர் முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர். கணித மேதை இராமாநுஜன் 1917-ம் ஆண்டில் அங்கே இவரிடம் சிகிச்சை பெற்றார். (இராமாநுஜனைக் கொன்றது எலும்புருக்கியன்று, ஈரலைத் தாக்கிய வேறு நோய் என்று பிற்காலத்தில் வாதித்தோரும் உளர்.) தாம்பரம் நிலையம் 1937-ம் ஆண்டில் சர்க்கார் வசம் ஆயிற்று. இதனிடையே மருந்துகள் வந்தன. 1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின், பின்னர் பாஸ் என்னும் மருந்து, 1952-ல் மலிவான ஐசோனயாசிட். மருந்து கிடைத்த பின்னும் படுக்கை வேண்டுமா என்பதே கேள்வி. இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ சில பதினாயிரம்.

1956-ம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடி ஒரு நிலையத்தை அமைத்தன. ஆங்கில வைத்தியர் வாலஸ் பாக்ஸ் அதன் தலைவர். நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளைத் தேர்ந்து, யாரை எங்கே அனுப்புவதென்று சீட்டுப் போட்டதைப் போலப் பிரித்து, ஒரு பகுதியாரைத் தாம்பரத்துக்கு அனுப்பினர். மறு பகுதியாரை அவரவர் குடிசையிலேயே விட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. தாம்பரத்தில் இருந்தோர்க்கு நல்ல உணவு, ஓய்வு, காற்று. வீட்டில் இருந்தோர்க்குப் பழைய சோறு, பழைய வேலை, பழைய நெரிசல். 1959-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. நோயடங்கியவர் தாம்பரத்தில் நூற்றுக்கு 92 பேர்; குடிசையில் நூற்றுக்கு 86 பேர். குணமடைவதற்கு மாளிகை வேண்டுவதில்லை, மருந்தைத் தவறாமல் உட்கொள்வதே வேண்டுவது என்பது விளங்கிற்று. இதனினும் பெரிய செய்தி மற்றொன்று. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் அவ்வீட்டாருக்கு நோய் அதிகம் பற்றியதா என்று ஆண்டுக்கணக்காகப் பார்த்தனர். தாம்பரம் போனவர்களின் வீட்டாரைவிட இவர்களுக்கு அதிகமாகப் பற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே நோயாளி பிறருக்குத் தீங்கற்றவராகிவிடுகிறார்.

நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் நம்மை நிறுத்திச் சோதித்த அதே சென்னைக் கரையில், அச்சோதனையால் ஆகாத காரியம் குடிசைக்குள் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்ததால் ஆயிற்று. உலகமெங்கும் பற்பல நாடுகள் இம்முடிவை ஏற்றன. மலாயாவில் 1961-ம் ஆண்டு தேசிய எலும்புருக்கி ஒழிப்புத் திட்டம் தொடங்கி, பிறந்த குழந்தைக்கெல்லாம் பி.சி.ஜி. ஊசி போடப்பட்டது. அந்நாளில் ஓராண்டுக்கு மேல் நீண்ட மருந்துக் காலம் இந்நாளில் பெரும்பாலோர்க்கு ஆறு மாதமாகச் சுருங்கியிருக்கிறது.

இனி இன்றைய காட்சி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாயிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போயினர். காலியான அறைகளில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளியர், நம் தமிழ்நாட்டு இளைஞர் சிலரும் வந்து தங்கினர். 1997-ம் ஆண்டு முதல் அயல்நாட்டுத் தொழிலாளரின் வைத்தியச் சோதனையை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்த ஃபொமேமா என்னும் நிறுவனத்தைச் சர்க்கார் நியமித்தது. வந்த முதல் மாதத்தில் ஒரு சோதனை, பின்வரும் ஆண்டுகளில் மறு சோதனை, மார்புக்கு எக்ஸ்ரே. ஒரே நாளோடு முடிந்த பழைய துறைமுகச் சோதனையைவிட இது பன்மடங்கு மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறு சோதனை உண்டு என்பதே, இந்நோய் பின்னால் எழும் என்பதை அறிந்த செயல். ஆயின் இவ்வேற்பாட்டில் எலும்புருக்கி கண்டவர்க்கு நேர்ந்த முடிவு, தகுதியற்றவர் என்ற முத்திரையும் தாயகத்துக்கு டிக்கட்டும்.

பிரிட்டன் இதே கேள்விக்கு வேறு வழி தேடியது. விமான நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்த பழைய முறையை விட்டு, 2012-ம் ஆண்டு முதல், நோய் மிகுந்த நாடுகளிலிருந்து நெடுநாள் தங்க வருவோரைப் புறப்படுமுன் அவரவர் நாட்டிலேயே சோதிக்கும் முறையை விரிவாக்கியது. நோய் கண்டவர் மருந்துண்டு குணமானபின் மறுபடி விண்ணப்பிக்கலாம். வந்தபின் நோய் எழுந்தால் இங்கிலாந்தில் அவருக்கு எலும்புருக்கி மருந்து இலவசம். அனுமதிச் சீட்டு எவ்வகையது என்ற கேள்வி சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பதில்லை. இது தர்மத்துக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. மருந்துக்குப் போனால் வெளியேற்றுவார்கள் என்று அஞ்சுபவன் மருந்துக்குப் போகமாட்டான். அவன் இருமல் அண்டை வீட்டார்க்கும் பொது.

நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கோயில் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். "ஒழிந்துபோன நோயை இந்த அந்நியர்கள் மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள்" என்பது அது. நோய் ஒழிந்திருந்தால்தானே மறுபடி வருவதற்கு! 2023-ம் ஆண்டில் மலேசியாவில் பதிவான எலும்புருக்கி நோயாளிகள் 26,000-க்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் இந்நாட்டுப் பிரஜைகளே. நம் பாட்டனைத் துறைமுகத்தில் நிறுத்தியபோது இதே பேச்சை வேறு பாஷையில் வேறு மனிதர்கள் பேசினர்.

தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நேபாளத்து இளைஞர் ஒருவருடைய சோதனை முடிவு என் மேசைக்கு வந்தது. வந்து ஓராண்டுக்கு மேல் ஆனவர். முதற் சோதனையில் யாதொரு குறையும் இல்லாதவர். இரண்டாம் சோதனையில் மார்பில் நிழல். அவருடைய கணக்கை நான் தீர்த்தேன், டிக்கட்டுக்கான கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன், கையொப்பம் வாங்கினேன். ஊருக்குப் போனபின் மருந்து எங்கே வாங்குவீர் என்று கேட்கவில்லை. அவர் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து ஆபீசு வாசலில் நின்றபோது கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்; யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரோடு அந்த ஒரே அறையில் ஓராண்டு படுத்தெழுந்தவர்கள் மூவர். அவர்களையும் மார்புச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்ற நினைவு எனக்கு வந்தது அவர் விமானம் ஏறி இரண்டு வாரங்கள் சென்ற பின்னரே. ஒருநாள் மாலை போய்க் கதவைத் தட்டினேன். சன்னல் சாத்தியிருந்தது, உள்ளே நால்வர் சோறு உண்டுகொண்டிருந்தனர். நான்காமவர் மூன்று நாட்களுக்கு முன் வந்தவர். அவருடைய பெயருக்கு நேரே, தகுதியுடையவர் என்று, நானே பதிவேட்டில் எழுதியிருந்தேன்.